காலியாகக் கிடந்த ஃபோல்டர்

— எனக்கு நாலு பிள்ளைய. இந்தக் கம்ப்யூட்டர்ல மூணு பேரு ஃபோல்டருதான் தெரியுது. ஏ பெர்லினு தம்பி, என் மக யோகலட்சுமி எங்கலே?

— கத்தாதீய அண்ணாச்சி. பக்கத்துக் கடைக்காரவுக எட்டிப் பாக்காவ.

— பாக்கட்டும். சங்கரன்கோவில் பூராவும் கேக்கட்டும். தங்கச்சி பேரைத் தூக்கச் சொன்னது எம் பெரியவன் மாரிச்செல்வம்தான?

— ஒருத்தரும் சொல்லல. ஒங்க குடும்பப் படமெல்லாம் இருந்த கம்ப்யூட்டர் பழசாயிட்டு. புதுசுக்கு கிட்டுங்குத (Git) சாஃப்ட்வேர் வழியா மாத்துனேன். யாரு எதை மாத்துனாலும் அந்த கிட் குறிச்சு வச்சுக்கிடும். ஆனா அதுக்கு ஃபைல்தான் கணக்கு. உள்ள ஒண்ணுமில்லாத ஃபோல்டரை எடுத்துட்டு வராது.

— வீடு மாத்துதவன் காலிப் பானையை விட்டுட்டா வருவான்?

— இது பானையப் பாக்காது. அரிசியத்தான் பாக்கும்.

— எங்கிட்டயே அளக்கான் பாரு! நான் மூணாப்புத் தாண்டல, அதுக்காவ முட்டாப்பய இல்ல.

— அக்கா ஃபோல்டர்ல ஒரு படங்கூட இல்லையே அண்ணாச்சி.

— இல்லதான். சிவகிரிக்காரனோட போயி ஆறு வருசமாச்சு. அவ படத்தை அவதாம்லே போடணும். என்னைக்காவது செல்லுல தொறந்தா, நம்ம எடத்தை அப்பா அப்பிடியே வச்சிருக்காவன்னு தெரியணும். அதுக்குத்தான் நாலு பேருக்கும் பாஸ்வேர்டு குடுக்கச் சொன்னேன். இப்பத் தொறந்தா என்ன நெனப்பா?

— இதை அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லா?

— ஒங்கிட்ட எதுக்குலே நான் மனசத் தொறக்கணும்? காலியா நிக்க வைக்க வழியே கெடையாதாக்கும்?

— இருக்கு. உள்ள பேருக்கு ஒரு சின்ன ஃபைல் எழுதிப் போட்டா ஃபோல்டர் நிக்கும்.

— போடாம என்னத்தப் புடுங்குன?

— போட்டேன் அண்ணாச்சி. யாரோ அழிச்சதாலதான் போச்சு.

— பாத்தியா! நான் சொன்னேம்லா! எவன் அழிச்சான்னு அந்தக் கிட்டு குறிச்சிருக்கும்லா? காட்டு.

— வேண்டாம். விட்டுருங்க.

— காட்டுலே!

— யோகலட்சுமி அக்கா. போன மாசம் பதினாலாம் தேதி.

— அவளா? அவ எதுக்குலே அழிக்கா? அப்பிடி என்னத்த எழுதித் தொலைச்ச?

— எனக்கு என்ன எழுதத் தெரியும்? இதே நாற்காலில இருந்து நீங்க சொன்னதத்தான், ஒரு எழுத்து மாத்தல. கீழ ஒங்க பேரும் போட்டேன். “யோகலட்சுமிக்கு இங்க ஒண்ணும் கெடையாது. காலியாவே கெடக்கட்டும்.”