வெறும் தண்ணீர்

நான் இதுவரை ஒரு வாய் பீர்கூடக் குடித்ததில்லை, ஐயா. ஜார்ஜியாவில் பல்கலைக்கழகத்துக்கு வந்து மூன்றாம் வருஷம் படிக்கிற ஒருத்தி இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். ஒழுக்கம், பக்தி எதுவும் காரணமில்லை. குடித்தவர்கள் வாந்தி எடுப்பார்கள். அந்த நாற்றம் எனக்கு ஆகாது, அவ்வளவுதான்.

எங்கள் தெரு உங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் மாணவர் சங்க வீடுகள், நெற்றியில் கிரேக்க எழுத்து, வாசலில் வெள்ளைத் தூண்கள். எதிர்சாரியில் பையன்களின் வீடு. ஞாயிறு காலையில் அவர்களுடைய புல்வெளியைப் பார்க்கச் சகிக்காது. பெண்கள் வீடு சுத்தமாக இருக்கும் என்று ஊரில் நினைக்கிறார்கள். எங்கள் மாடிக் குளியலறையை அவர்கள் பார்த்ததில்லை. வடிகாலில் ஈரச் சடைபோல முடி, தொட்டி விளிம்பில் காய்ந்த பற்பசை எச்சில், தின்றதையெல்லாம் கக்கிவிட்டு மேலே தெளித்த ரோஜா வாசனை. கீழே கூடத்தில் முத்துமாலை போட்டுக்கொண்டு சகோதரி பாசத்தைப் பற்றிப் பாடுவோம். பாடி முடித்ததும் நான் கையுறை மாட்டிக்கொண்டு மாடியைக் கழுவப் போவேன். நர்ஸிங் படிக்கிறவள் என்பதால் யாரும் அதை விசித்திரமாக எடுத்துக்கொள்ளவில்லை.

புதிதாகச் சேரும் பெண்களைப் பழக்கும் பொறுப்பும் அதனால்தான் என்னிடம் வந்தது. சேர விரும்புகிற பெண்ணை முதலில் எங்களுக்குப் பிடிக்க வேண்டும். பிடித்தால் சில வாரம் பழகுநர். பிறகுதான் சத்தியப் பிரமாணம், மார்பில் சங்கச் சின்னம் பொறித்த தங்க ஊசி. ஒவ்வொருத்திக்கும் மூத்த பெண் ஒருத்தி அக்காவாக வாய்ப்பாள். அந்த வாரங்களில் வீட்டை நிறுவிய பெண்மணிகளின் பெயர், ஊர், சொன்ன பொன்மொழிகள் எல்லாவற்றையும் ஒப்பிக்க வேண்டும். தவறாகச் சொன்னால் முன்பெல்லாம் ஒரு மடக்கு வோட்கா. நான் பொறுப்பேற்றதும் அதை நிறுத்தி, ஒரு டம்ளர் தண்ணீர் என்று மாற்றினேன்.

எங்கள் தலைவி கோரின் மேப்ரிக்குப் பரம சந்தோஷம். "உனக்குச் சிலை வைக்கணும்டி லார்கின். தண்ணி குடிச்சு எவளாவது ஆஸ்பத்திரிக்குப் போவாளா?" என்றாள்.

டோவி ஸ்டாம்ப்ஸ் நன்றாகப் பாடுவாள். வீடுகளுக்கிடையே நடக்கும் பாட்டுப் போட்டிக்காகக் கோரின் அவளை எடுத்தாள். சீட்டுக் குலுக்கியதில் எனக்குத் தங்கையானாள். வடக்கே மலையடிவாரத்தில், கோழி ஆலையை நம்பிப் பிழைக்கிற ஒரு ஊரிலிருந்து வந்தவள்.

முதல் ஞாயிறு விருந்தில் பொரித்த கோழி. நாங்கள் முள்கரண்டியால் தொட்டும் தொடாமலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டோவி கையில் எடுத்துக் கடித்தாள், எலும்பை உடைத்து உறிஞ்சினாள், விரலில் வழிந்த கொழுப்பைச் சோள ரொட்டியில் துடைத்து அதையும் தின்றாள்.

"லார்கின், உன் தங்கச்சி தட்டையும் சேர்த்து முழுங்கிடப் போறா, பாத்துக்க" என்றாள் கோரின்.

டோவிக்கு அது குத்தலாகவே தெரியவில்லை. அவளும் சிரித்தாள். "எங்கம்மா கோழிக்குக் குடல் உருவுற வேலை. ஒரு துண்டு வீணாக்கினாலும் எங்க வீட்ல முதுகு பழுத்துடும்."

யாரோ கண்ணாடிக் கிண்ணத்தை மெல்ல நகர்த்தி வைத்தார்கள். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டில் என் அப்பா சவானாவில் வக்கீல்; என் அம்மா நான் சிறுமியாக இருக்கும்போதே இறந்தவள். நான் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் அப்பா யாரென்று எனக்குத் தெரியாது. அம்மா அதே ஊரில், அதே ஆலையில், அதே மேசையில் நின்று கோழியின் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கிறாள். வேலை முடிந்து வரும்போது பிளீச்சும் ஈர இறகும் வெதுவெதுப்பான குடலும் கலந்த ஒரு வாடை அவளுக்கு முன்னால் வீட்டுக்குள் வரும். நகக்கண்ணில் மஞ்சள் கொழுப்பு எப்போதும் இருக்கும். அந்தக் கையால் என் கன்னத்தைத் தடவுவாள். நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். கல்லூரிக்கு வந்தபோது வாயைக் கொப்பளித்துத் துப்புவதுபோல அந்த ஊரைத் துப்பிவிட்டு வந்தேன்.

ஒருநாள் டோவி என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, நம்ம ரெண்டு பேரும் எடுத்துக்கிட்ட போட்டோவை எங்கம்மாவுக்கு அனுப்பினேன். 'அடியே, இது என் பக்கத்துல நிக்கிறவளோட பொண்ணுடி'ன்னு சொல்றாங்க."

நான் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டேன்.

"பயப்படாதீங்கக்கா. அவங்க செத்துட்டதா நீங்க சொல்லி வச்சிருக்கறதை நான் அங்க சொல்லலை. இங்கயும் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்" என்று சொல்லி என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் தலையில் தேங்காய் ஷாம்பு மணந்தது. அதற்குக் கீழே அந்த வாடையும் இருந்தது. இருந்திருக்க முடியாது என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு இருந்தது.

அவள் என்னை மிரட்டவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள். மிரட்டுகிறவர்களோடு பேரம் பேசலாம். டோவி நல்லவள், அவளோடு ஒன்றும் செய்ய முடியாது.

போன வெள்ளிக்கிழமை முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். மறுநாளைக்கு மறுநாள் அம்மாக்களுக்கான தேநீர் விருந்து. எல்லார் அம்மாவும் தொப்பி வைத்துக்கொண்டு வருவார்கள்.

"எங்கம்மா வண்டியிலயே உங்கம்மாவும் வர்றாங்க. நான்தான் பேசினேன். நீங்க ஊர்ப்பக்கமே போறதில்லையாமே, போன்ல ஒரே அழுகை. விருந்துக்குன்னு முடியெல்லாம் வெட்டிக்கிட்டாங்களாம்."

"கோரின்கிட்ட என்னன்னு சொல்றது?"

"உள்ளதைச் சொல்லிடுவோம். என்னைப் பாருங்க, யாராவது கடிச்சா தின்னுட்டாங்க?"

சனிக்கிழமை பிற்பகல் கால்பந்தாட்டம். ஊரே சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டது. பிரமாணத்துக்கு முன்னால் ஒரு கடைசிப் பரீட்சை இருக்கிறது என்று சொல்லி டோவியை நிறுத்தி வைத்தேன். கீழ்த்தளத்தில் துணி துவைக்கும் அறை. தரை முழுக்க ஓடு, நடுவில் வடிகால். கழுவிவிடச் சுலபம்.

என் எண்ணம் நியாயமானதுதான். அவளே விலகிவிட்டால் அவள் அம்மா வர மாட்டாள். அவள் வராவிட்டால் என் அம்மாவுக்கு வண்டி கிடையாது. 'விலகிக்கிறேன்' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

பாடத்தில் இருந்ததையெல்லாம் தடையில்லாமல் ஒப்பித்தாள். பிறகு நான் பாடத்தில் இல்லாததைக் கேட்டேன். முதல் தலைவியின் குதிரைக்கு என்ன பெயர் என்றேன்.

"குதிரையா? அது நீங்க சொல்லித் தரவே இல்லையேக்கா" என்று சிரித்தாள்.

"குடி" என்றேன்.

குடித்தாள். அதற்குப் பிறகு பெரும்பாலும் அப்படிப்பட்ட கேள்விகள்தான். வயிறு பானைபோல உப்பியது. ஒரு கட்டத்தில் கக்கினாள். தெளிந்த தண்ணீர், அதில் மென்ற கேரட் துணுக்குகள். என் காலணியில் தெறித்தது. முகவாயைத் துடைத்துவிட்டேன், தரையையும் துடைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, "விலகிடறியா?" என்று அமைதியாகக் கேட்டேன்.

"மாட்டேங்க்கா. பாஸ் பண்ணிடுவேன். தரையை அசிங்கம் பண்ணிட்டேன்ல, ஸாரி" என்றாள்.

தலை வலிக்கிறது என்றாள். பிறகு வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. மைதானத்தின் கூச்சல் சுவரைத் தாண்டிக் கேட்டபோது, யார் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டாள். குமட்டல், தலைவலி, குழப்பம்: அந்த வரிசை எனக்குத் தெரியும். தண்ணீர் மிஞ்சினால் ரத்தத்து உப்பு நீர்த்துப்போய் மூளை வீங்கும் என்பதைப் போன மாதம்தான் படித்துப் பரீட்சை எழுதியிருந்தேன். நல்ல மதிப்பெண்.

வலிப்பு வந்ததும் செய்ய வேண்டியதை முறைப்படி செய்தேன். பக்கவாட்டில் திருப்பினேன், தலைக்கடியில் துண்டு வைத்தேன். பாவாடையை நனைத்திருந்தாள். எங்கள் வீட்டுப் பெண்ணை அந்தக் கோலத்தில் யாரும் பார்க்கக் கூடாது; மாற்றிவிட்டேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். தரையை இன்னொரு முறை துடைத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஆட்டம் முடிந்த கூட்டத்தில் வண்டி சிக்கிக்கொண்டது. அது என் குற்றமில்லை.

ஆஸ்பத்திரியில் கோரின் என் தோளில் சாய்ந்து அழுதாள். "வெறும் தண்ணிதானேடி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். டோவியின் அம்மா வேலை உடுப்போடு ஓடி வந்தார்கள். அவர்கள் வண்டியை ஓட்டி வந்தது என் அம்மா. ரப்பர் பூட்ஸ், ஒட்ட வெட்டிய முடி. நடைபாதை முழுக்க அந்த வாடை. கோரின் மூக்கைச் சுளித்ததைப் பார்த்தேன்.

அம்மா என்னைப் பார்த்து நின்றுவிட்டாள். நான் முந்திக்கொண்டு கையை நீட்டினேன். "நான் லார்கின். டோவிக்கு இந்த வீட்டு அக்கா" என்றேன்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள், கோரினைப் பார்த்தாள், என் கழுத்து முத்துமாலையைப் பார்த்தாள். "நல்லதும்மா. நான் இவங்ககூட வேலை பாக்கிறவ" என்றாள். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டுதான் என் கையைத் தொட்டாள்.

மறுநாள் காலையில் டாக்டர்கள் டோவியின் மூச்சு இயந்திரத்தை நிறுத்தினார்கள். நான் கழிவறையில் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

எந்தக் கட்டத்தில் உனக்குத் தெரிந்தது, தெரிந்த பிறகும் ஊற்றினாயா என்று நீங்கள் மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். அவளுக்குத் தன் பெயரே நினைவில்லை என்று தெரிந்ததும் நான் மிகச் சுலபமான ஒரு கேள்வி கேட்டேன். அவளுக்கு உதவத்தான் கேட்டேன். உங்கம்மா பேர் என்ன என்றேன். வெகுநேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "வெர்லீன்" என்றாள்.

அவள் அம்மாவின் பெயர் ஐடா. வெர்லீன் என் அம்மா. பதில் தவறு, ஐயா. விதி எல்லாருக்கும் ஒன்றுதான். ஊற்றினேன்.