கடைசியில் குடித்தவர்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வணிகர் சங்கத் தலைவர், என் உடன்பிறந்த அண்ணன் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் இமாம் அவர்களே! திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் மாமியே, மாமாவின் மகளே! கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டு வந்திருக்கும் வியாபாரிகளே! மூட்டையை இறக்கி வைத்த கையோடு வந்திருக்கும் சுமைத் தொழிலாளத் தோழர்களே! உங்கள் அனைவர் மீதும் இறைவனின் சாந்தி நிலவட்டும்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. கயிறும் சாக்கும் விற்கிறவன் நான். சரக்கைக் காட்டுவேன், விலையைச் சொல்வேன், பிடித்தால் எடுங்கள் என்பேன். இன்றைக்கும் அப்படித்தான் பேசப்போகிறேன்.

பாத்திரக்கடை மாமா போய்விட்டார். இந்தச் சந்தை முழுவதும் அவரைத் தட்டு மாமா என்றுதான் அழைத்தது. வயது நிறைந்து, யாருக்கும் பாரமாகாமல், கலிமா சொன்ன நாவோடு போனார். அதில் நமக்கு என்ன குறை? அழுவதற்காக நாம் இங்கே கூடவில்லை. அவர் விட்டுப்போன வேலை ஒன்று நடுவழியில் நிற்கிறது. அதற்காகத்தான் கூடியிருக்கிறோம்.

அந்த வேலை எப்படித் தொடங்கியது என்பதைப் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மாமாவின் கடையில் ஒரு பெரிய பித்தளைத் தட்டு இருந்தது. வண்டியில் வரும்போதே விளிம்பு நசுங்கிவிட்டது. யாரும் வாங்கவில்லை. நானாக இருந்தால் பழைய விலைக்குத் தள்ளியிருப்பேன். மாமா அதைத் துலக்கி, கடைக்குப் பின்னால் இருக்கும் கிடங்கில் விரிப்பைப் போட்டு நடுவில் வைத்தார். மதிய லுஹர் தொழுகை முடிந்து வந்த மூன்று பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தார். நான்கு பேர் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். மறுநாள் இன்னொரு தட்டு வேண்டியிருந்தது. பிறகு ஒரு கடை அரிசி தந்தது, ஒரு கடை எண்ணெய் தந்தது, காய்கறிக்காரர்கள் கூடையோடு வந்து நின்றார்கள். விற்காத சரக்கை வைத்து ஒரு சந்தையையே கட்டிப்போட்ட வியாபாரி வேறு யார்?

அந்தக் கிடங்கில் யாருக்கும் தனி இடம் கிடையாது. மொத்த வியாபாரியின் பக்கத்தில் மூட்டை தூக்குகிறவர் உட்காருவார். சேர்ந்து உண்ணும் உணவில்தான் பரக்கத், இறைவனின் அருள்வளம், என்பது நபிவழி. மாமா அதைப் பிரசங்கம் பண்ணியதில்லை. இடத்தைக் காட்டுவார், அவ்வளவுதான்.

நான் முதல்முறை போனபோது எனக்குப் பிள்ளைகள் பிறந்தாகிவிட்டது. ஆனாலும் பசியில் கை நேராகத் தட்டின் நடுவுக்குப் போனது. அங்கேதான் நல்ல கறித்துண்டு இருந்தது. மாமா பின்னாலிருந்து குனிந்து காதில் சொன்னார்:

"உங்க முன்னாடி இருக்கறது உங்களுக்கு. நடுவுல இருக்கறது எல்லாருக்கும். ஓரத்துலேர்ந்து வாங்க, அது தானா உங்ககிட்ட வரும்."

வியாபாரத்தில் எனக்கு இதைவிட நல்ல யோசனையை யாரும் சொன்னதில்லை.

தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டிருப்பார். சுமை இறக்கிவிட்டு ஓடிவந்து நின்றபடியே மடக்மடக்கென்று குடிக்கிறவர்களைத் தோளைப் பிடித்து அதில் உட்கார வைப்பார். "உக்காந்து குடிங்கப்பா. தண்ணிக்குக் காலா இருக்கு, ஓடிப்போறதுக்கு?"

சோறு சூடாக வரும். ஊதி ஆற்ற விடமாட்டார். உணவில் ஊதக்கூடாது என்பது ஒழுக்கம். "ஆறட்டும். அதுவரைக்கும் பேசிட்டிருங்க" என்பார். இதை நான் பல ஆண்டுகள் கவனித்திருக்கிறேன். இந்தச் சந்தையில் பாதி வழக்கு அந்தச் சோறு ஆறும் நேரத்தில்தான் தீர்ந்தது. சங்கக் கூட்டத்தில் மேசையைத் தட்டிக்கொண்டவர்கள் அந்த ஆவிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து, "சரி, உங்க வண்டியை முதல்ல விட்டுக்குங்க" என்று முடித்துக்கொண்டார்கள்.

தீராத வழக்கு ஒன்று இருந்தது. அது என்னுடையது. அண்ணனுடையதும்தான்.

நானும் அண்ணனும் தள்ளுவண்டியில் கயிறு விற்றுத் தொடங்கியவர்கள். வண்டியை இழுப்பவர் அவர், பின்னாலிருந்து தள்ளுபவன் நான். இருவரும் சேர்ந்து கடை பிடித்தோம். பிறகு பிளாஸ்டிக் சாமான் போடலாம் என்றார் அவர், கயிறே போதும் என்றேன் நான். வார்த்தை தடித்தது. கடைக்கு நடுவே சுவர் எழுந்தது. யார் மேல் தப்பு என்று இங்கே சொல்லப்போவதில்லை. அவர் மேடையில் தலைவராக உட்கார்ந்திருக்கிறார், ஒலிவாங்கி என் கையில் இருக்கிறது. அது நியாயமான பேரம் அல்ல.

சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தும்மினால் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். "யர்ஹமுகல்லாஹ்", அல்லாஹ் உங்களுக்கு அருள்புரியட்டும், என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன், வாயைத் திறக்கமாட்டேன். வருஷக்கணக்கில் இப்படி. பிள்ளைகள் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. சித்தப்பா இல்லாமல், பெரியப்பா இல்லாமல் அவை நடந்துவிடும் என்கிற நிலை.

மாமா எங்களுக்குப் புத்திமதி சொல்லவில்லை. ஒரு நாள் மதியம் எங்கள் இருவரையும் ஒரே தட்டில் உட்கார வைத்தார். "வேற எடம் இல்லையே" என்றார். இருந்தது. நான் பார்த்தேன். ஆனால் விருந்தளிப்பவர் காட்டிய இடத்தில் உட்காருவதுதான் மரியாதை. உட்கார்ந்தோம். இமாம் ஒரு பக்கம், அவருக்கு வலப்புறம் நான், எனக்கு அடுத்துத் தையல்காரர், அவருக்கு அடுத்து அண்ணன். அதாவது அண்ணனும் நானும் நேருக்கு நேர். சோறு ஆறும்வரை எல்லோரும் பேசினார்கள். நாங்கள் இருவரும் கூரையில் இருந்த ஒட்டடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிஸ்மில்லாஹ் சொல்லி முதல் கவளம் வாயில் வைத்தேன். உப்பு! கடலையே காய்ச்சி ஊற்றியதுபோல இருந்தது.

இதோ முன்வரிசையில் இருக்கிறாரே, நம் சமையல்காரர், அவர் அன்று கடமையல்லாத நஃபில் நோன்பு வைத்திருந்தார். நாக்கில் வைத்துப் பார்க்காமல் கைக்கணக்கில் உப்பைப் போட்டுவிட்டு தொழுகைக்காகக் கைகால் கழுவி ஒளூச் செய்யப் போய்விட்டார். மாமா வந்தார். நோன்பாளி எங்கே உப்புப் பார்த்திருக்கப்போகிறார் என்று நினைத்துத் தன் பங்குக்கு ஒரு கை போட்டார். அவரும் ருசி பார்க்கவில்லை. பரிமாறுகிறவர் கடைசியில்தான் சாப்பிட வேண்டும் என்பதில் அவர் அவ்வளவு கறார்.

இப்போது யார் சொல்வது? உணவைக் குறை சொல்லக்கூடாது. பிடித்தால் சாப்பிடு, பிடிக்காவிட்டால் விட்டுவிடு, இதுதான் நபிவழி. சரி, விட்டுவிடலாம் என்றால், கூட இருப்பவர்கள் முடிக்கும் முன்னால் கையை எடுத்தால் அவர்களுக்குச் சங்கடம். இமாமைப் பார்த்தேன். கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தார். தையல்காரரின் காது சிவந்துவிட்டது. அண்ணனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தபடியே இன்னொரு கவளம் எடுத்தார். அவர் எடுத்தால் நான் விடுவேனா? நானும் எடுத்தேன். கிடங்கு முழுவதும் இதே கதை. ஒரு சத்தம் இல்லை. மாமா தட்டுத் தட்டாக வந்து, "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று கேட்கிறார். நல்ல சாப்பாடு போலிருக்கிறது, பேச்சு மூச்சில்லாமல் சாப்பிடுகிறார்கள் என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

தட்டுக்கு ஒரு செம்பு, ஒரு குவளை. மாமா முதலில் இமாமிடம் கொடுத்தார். அவர் குடித்துவிட்டுத் தன் வலப்பக்கம் இருந்த எனக்கு நீட்டினார். நான் ஒரு மிடறு குடித்து, குவளையை வாயிலிருந்து எடுத்து மூச்சு விட்டேன். மூன்று மூச்சில் குடிக்க வேண்டும், குவளைக்குள் மூச்சு விடக்கூடாது, அதுதானே முறை? அந்த இடைவெளியில் எதிரே இருந்து ஒரு குரல் வந்தது.

"முழுசையும் குடிச்சிராதடா."

அத்தனை வருஷத்துக்குப் பிறகு என் அண்ணன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. ஒரே மூச்சில் நான் குடித்திருந்தால் அந்த வார்த்தைக்கு நுழைய இடம் இருந்திருக்குமா?

நான் குவளையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். அடுத்த முறை தையல்காரருடையது. வலப்பக்கம் இருப்பவரின் உரிமையை அவர் சம்மதம் இல்லாமல் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. கேட்டேன்: "உங்க முறைதான். அண்ணனுக்குக் குடுக்கட்டுமா?"

"தாராளமா குடுங்க. ஆனா அண்ணனும் தம்பியும் சேர்ந்து எனக்கு மிச்சம் வைக்காம போயிராதீங்க, நாக்கு வெந்துபோச்சு" என்றார்.

இமாம்தான் முதலில் சிரித்தார். பிறகு அண்ணன். அவர் சிரித்தால் தோள் குலுங்கும், உங்களுக்குத் தெரியும். பக்கத்துத் தட்டில் சிரிப்பு, அதற்கடுத்த தட்டில் சிரிப்பு. காரணம் புரியாமல் மாமா பாத்திரமும் கையுமாக நின்றார். எல்லோருக்கும் தண்ணீர் போய்ச் சேர்ந்ததைப் பார்த்துவிட்டு, வழக்கம்போலக் கடைசியில் உட்கார்ந்து ஒரு கவளம் எடுத்து வைத்தார். அவர் முகம் போன போக்கை நான் எப்படிச் சொல்வேன்!

"ஒருத்தராவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்கதானே மாமா சாப்பாட்டைக் குறை சொல்லக்கூடாதுன்னீங்க" என்றார் அண்ணன்.

"குறை சொல்லக்கூடாதுதான். அடுப்பாங்கரைக்கு வந்து காதோட சொல்றது குறையில்லையே. அது உதவி" என்றார் மாமா.

மிச்சத்தை அவர் கொட்டவில்லை. கொட்டுவாரா? கீழே விழுந்த பருக்கையை எடுத்துத் துடைத்துச் சாப்பிடுகிற மனிதர். காயும் தண்ணீரும் சேர்த்து மறுபடி கொதிக்க வைத்து, மறுநாள் எல்லோருக்கும் அதையே போட்டார். அண்ணனும் நானும் மறுநாளும் வந்தோம், அதே தட்டுக்கு. அவர் மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்தது நான்தான்.

உப்பை மாமா வேண்டுமென்றே போட்டார் என்று சந்தையில் ஒரு பேச்சு உண்டு. நான் நம்பவில்லை. ஒரு பருக்கையை வீணாக்காதவர் ஒரு அண்டா குழம்பைப் பணயம் வைப்பாரா? ஆனாலும் அவர் படுக்கையில் இருந்தபோது கேட்டேவிட்டேன். கஞ்சியை நான்தான் ஊட்டிக்கொண்டிருந்தேன். சிரித்தார்.

"உப்பு தப்பாப் போச்சு தம்பி. உங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சது தப்பாப் போகல."

அன்று பாதிக் கஞ்சி குடித்த பிறகுதான் பிஸ்மில்லாஹ் சொல்லவில்லை என்று அவருக்கு நினைவு வந்தது. நடுவிலேயே நிறுத்தி, "தொடக்கத்திலும் முடிவிலும் அல்லாஹ்வின் பெயரால்" என்பதை ஓதினார். "ஆரம்பத்துல மறந்தவங்க நடுவுல சொல்லிக்கலாம். எவ்வளவு பெரிய சலுகை பாருங்க" என்றார். சுவருக்கு இந்தப் பக்கம் வருஷங்களைத் தொலைத்த எனக்கு அது கஞ்சியைப் பற்றி மட்டும் சொன்னதாகப் படவில்லை.

இனி நடப்புக்கு வருகிறேன். மாமா போன பிறகு கிடங்கு பூட்டிக் கிடக்கிறது. பொட்டலச் சாப்பாடு தருவித்து அவரவர் கடையில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று சங்கத்தில் பேச்சு வந்தது. நானும் முதலில் தலையாட்டினேன். வேலை மிச்சம், நேரம் மிச்சம். சமைக்க ஆள் இருக்கிறார். அரிசி தரக் கடை இருக்கிறது. எல்லோரும் உண்டு குடிக்கும்வரை பசியோடு நிற்க ஆள் இல்லை. மாமாவின் மகள் என்னிடம், "சாச்சா, கிடங்கைத் தர்றேன், தட்டைத் தர்றேன். வாப்பா நின்ன இடத்துல யார் நிப்பாங்க?" என்று கேட்டது.

பொட்டலம் வந்தது. பிரித்தேன், நல்ல சாப்பாடுதான். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணனும் பொட்டலம் பிரிக்கிற சத்தம் கேட்டது. அன்று முழுவதும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. பேச ஒன்றும் இல்லாமல் போனது. மறுநாளும் அப்படியே. எத்தனை பேருக்கு இப்படி ஆகியிருக்கும்?

ஆகவே இன்று காலை கிடங்கைத் திறக்கச் சொன்னேன். மகள் தானே சமைத்துத் தருவதாகச் சொன்னது. துக்க வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொடுப்பதுதான் முறை, அவர்களை நமக்காக அடுப்பு மூட்ட விடலாமா? வேண்டாம் என்று சொல்லிச் சமையல்காரரை வரவழைத்தேன். செம்பை எடுக்கக் கை நீட்டினேன். அதற்கு முன்பே அதில் ஒரு கை இருந்தது. அண்ணன்.

"நீங்க தலைவர், போய் உக்காருங்க. நான் நிக்கறேன்" என்றேன்.

"உன்னை நம்பிச் செம்பைக் குடுக்கவா? முழுசையும் குடிச்சிருவே" என்றார்.

பேரம் படிந்துவிட்டது. ஒரு நாள் அவர், மறுநாள் நான். நாங்கள் ஓய்ந்தால் நிற்பதற்கு இந்தச் சபையிலிருந்து இன்னும் சிலர் வர வேண்டும். பெயரை என்னிடம் சொல்லுங்கள். மாமாவின் மண்ணறையை அல்லாஹ் விசாலமாக்குவானாக. அவர் ஊட்டிய ஒவ்வொரு கவளத்துக்கும், கொடுத்த ஒவ்வொரு மிடறுக்கும் சொர்க்கத்தின் உணவையும் பானத்தையும் பகரமாகத் தருவானாக. ஆமீன்.

இமாம் துஆ ஓதியதும் எல்லோரும் கிடங்குக்கு வாருங்கள். நசுங்கிய தட்டைத் துலக்கி நடுவில் வைத்திருக்கிறோம். உப்பை ஒருவர்தான் போட்டிருக்கிறார், விசாரித்துவிட்டேன். இன்று என் முறை. நீங்கள் உட்காருங்கள், நிதானமாகக் குடியுங்கள். நான் கடைசியில் குடித்துக்கொள்கிறேன்.