அடங்காத குருவிகள்

முதலிபாளையம் போகும் பஸ் இன்னும் கிளம்பவில்லை. என் முன்சீட்டில் பனியன் கம்பெனி டைலர் பெண்கள் இருவர்.

"என்னாலதானுங்க்கா நேத்து ஒரு வனமே தப்பிச்சுது."

"எந்த வனம் கண்ணு?"

"வனத்த வெட்டறதப் பத்தி கம்பெனிக்கு வந்த பாட்டு வாத்தியாரு ஒருத்தரு எங்கள வெச்சு ஒரு பாட்டு நடத்துனாருங்க. நாங்க பத்துப்பேரும் குருவிக. டேப்புல ரம்பச் சத்தம் வரவர ஒவ்வொருத்தியா பாட்ட நிறுத்தோணும். கடைசியில எல்லாம் அடங்கீரோணும்."

"அடங்குனீங்களா?"

"மெஷினுக்கு மேல கத்தியே பழகுன வாயிங்க! ரம்பம் ஓட ஓட நான் சத்தத்தக் கூட்டிட்டேன். மத்தவளுகளும் விடல."

"அவரு வையலியா?"

"மொதல்ல தலையில கைவெச்சாரு. அப்பறம் டேப்ப நிறுத்திப்போட்டு அவரும் கூவறாரு!"

"எங்க, கூவு பாக்கலாம்."

அந்த நேரம் பார்த்து டிரைவர் இன்ஜினைக் கிளப்பினார். அவள் அதற்கும் மேலே கூவினாள். கடைசி சீட்டிலிருந்து ஒரு பெண் பதிலுக்குக் கூவினாள்.