ஹில்டா ஆன்ட்டிக்காக ஓடிய பட்டை

கறுப்புத் திரையை யாருக்கும் பிடிப்பதில்லை. பழுதான ஹார்ட் டிஸ்கிலிருந்து படங்களை மீட்க நான் எழுதிய புரோகிராம் கமாண்ட் லைனில் ஓடுவது. கட்டளையைத் தட்டினால், வேலை முடியும்வரை ஒரு புள்ளிகூடக் காட்டாது. மேற்குத் தாம்பரத்தில், மருந்துக்கடை மாடியில் இருக்கும் என் கடைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து, "ஹேங் ஆயிடுச்சா சார்?" என்பார்கள்.

ஏப்ரல் பத்தாம் தேதி பொழிச்சலூரிலிருந்து ஹில்டா ஆன்ட்டி வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒரே மகள் சுஜி கோவளம் கடலில் மூழ்கி இறந்துபோய் இரண்டு வருடம். அவள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அந்த ஒரு டிஸ்கில்தான் இருந்தன. ஆன்ட்டிக்குக் கண் நரம்பு பட்டுப்போய்க்கொண்டிருந்தது. ஜூன் கடைசிவரை பார்வை தாங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அதுக்குள்ள ஒரு தடவ பாத்துட்டா போதும் தம்பி. அப்புறம் மனசுல வெச்சுக்குவேன்."

அரைமணி நேரம் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். "இது வேலை செய்யுதா, தூங்குதா?" என்று சிரித்துவிட்டுக் கிளம்பினார். அன்றே ஒரு பட்டை சேர்த்தேன். இருபது வரிகூட வராது. கட்டங்கள் இடமிருந்து வலமாக நிரம்பும், பக்கத்தில் சதவீதம்.

அதன்பிறகு தினமும் வந்தார். பட்டையைப் பார்த்துவிட்டு, நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களைப் பற்றிக் கேட்பார். பனி விழும் ஊர்களைச் சொல்வேன். "நீ சொன்னா அப்படியே கண்ணு முன்னால வருதுப்பா" என்பார். என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

மே மாதத்தில் எண்ணைப் படிக்க மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். ஜூனில் அவருடைய தங்கை மகள் கிறிஸ்டி கையைப் பிடித்து அழைத்துவந்தாள்.

"என்ன அண்ணா, டிஸ்க்க சரி பண்றீங்களா, மெட்ரோ கட்றீங்களா?"

"சும்மா இருடி. அறுபத்திரண்டு வந்துடுச்சு. நகருதுல்ல?" என்றார் ஆன்ட்டி.

நகர்கிற ஒன்றை யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஜூலை பத்தாம் தேதி நூறு வந்தது. அதற்குள் வெளிச்சமா இருட்டா என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. கிறிஸ்டி கீழே வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தாள். ஆன்ட்டி திரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நீ சொல்லு தம்பி" என்றார். ஒவ்வொரு படமாகத் திறந்து சொன்னேன்.

"இதுல மஞ்சள் கவுன் போட்டிருக்கா. மழை பெஞ்சுக்கிட்டு இருக்கு. உங்களப் பாத்து சிரிக்கறா."

"மஞ்சளா? அவகிட்ட மஞ்சள் கவுனே கெடயாதேப்பா." கொஞ்சம் யோசித்தார். "இருந்திருக்கும். எனக்குத்தான் மறந்துடுச்சு போல."

மீட்ட கோப்புகளின் தேதியைக் கிறிஸ்டி வீட்டில் போய்ப் பார்த்திருக்கிறாள். ஸ்டேஷனில் அவள் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கும் புகார் உண்மைதான் சார். முதல் நாள், ஆன்ட்டி படியிறங்கிய கால்மணி நேரத்திலேயே வேலை முடிந்துவிட்டது. நாலாயிரத்துச் சொச்சம் படங்கள், ஒன்றுகூடக் கெடவில்லை. கூப்பிட்டிருந்தால் பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்திருப்பார். நான் உட்கார்ந்து பட்டையை எழுதினேன். அதற்கும் டிஸ்குக்கும் சம்பந்தம் இல்லை. டாக்டர் சொன்ன ஜூன் கடைசிவரை உள்ள நாட்களோடு இன்னும் பத்து நாள் கூட்டி, நூறால் வகுத்தேன். அவ்வளவுதான் கணக்கு.

அவர் பார்த்திருந்தால் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் பார்த்து முடித்திருப்பார். அப்புறம் எதற்காக என் கடைப்படி ஏறப்போகிறார்? தவிர, அவை அப்படி ஒன்றும் நல்ல படங்கள் இல்லை. பாதிப் படங்களில் சுஜி அசைந்திருக்கிறாள், முகம் மங்கலாக விழுந்திருக்கிறது. மழையும் இல்லை, மஞ்சள் கவுனும் இல்லை. நான் கொடுத்த சுஜிதான் அழகாக இருந்தாள்.