போனைப் பார்த்தால் கடிக்கும் கிளி

கம்பைநல்லூரிலிருந்து தர்மபுரி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆள்காட்டி விரலில் கட்டு. பக்கத்தில், மடியில் பூக்கூடையோடு ஒரு பெண்.

“விரல்ல என்னாங்கண்ணா?”

“கிளி கடிச்சிடுச்சும்மா. எம் பையன் மேல அதுக்குப் பொறாம.”

நான் காதில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டேன்.

“பையன் மேல பொறாமைன்னா உங்கள எதுக்குங்க கடிக்குது?”

“அவன் பெங்களூர்ல இருக்கறான். நான் போனைக் காதுல வெச்சு அவங்கூடப் பேசுனா அதுக்கு ஆவாது. தோள்ல இருந்து எறங்கி வந்து, போனைப் புடிச்சிருக்கற வெரலையே கவ்விடும். சம்சாரம் தவறுனதுல இருந்து வூட்டுல அதுவும் நானுந்தான்.”

“கூண்டுல போட்டு மூடிட்டுப் பேசறதுதானே?”

“மூடுனா கத்திக் கத்தித் தெருவையே கூட்டிடும். இந்த வாரத்துல மட்டும் மூணு கடி.”

“கடிச்சாலும் பரவால்லீங்கண்ணா, பையன் அத்தன தடவ கூப்புடறானே. எம் பையனெல்லாம் பொங்கலுக்குக் கூப்புட்டா உண்டு.”

அவர் விரலில் இருந்த கட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“அவன் கூப்புட்டு ரெண்டு மாசம் ஆவுதும்மா. நானாத்தான் போனைக் காதுல வெச்சுக்கிட்டு, சாப்ட்டியாடா, அங்க மழையாடான்னு கேட்டுக்கிட்டிருப்பேன். கிளி மட்டும் நெசம்னு நம்புது.”