பதினொரு ஆட்டங்களுக்கான விளக்கம்

தனபால் சார், பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மன்னிக்க வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் எங்கள் மலையில் காற்றும் மழையும் சேர்ந்து இன்டர்நெட்டை ஒரு வழி ஆக்கிவிடும். ஓரி மன்னனுக்கு எடுக்கும் விழாவுக்கு வந்த கூட்டம் வேறு. செம்மேட்டில் இரண்டு நாள், போனில் ஹலோ என்று கத்தினால்கூட எதிராளிக்குக் கேட்கவில்லை. கோயம்புத்தூர் ஆபீஸில் இருக்கும் உங்களுக்கு இது புரியாது என்று சொல்லவில்லை. சொல்லிவைக்கிறேன், அவ்வளவுதான்.

போன சீசனில் நான் டேக் செய்த ஆட்டங்களில் பதினொன்றில், எட்டாம் எண் சட்டைக்காரனின் விவரம் மட்டும் வீடியோவோடு ஒத்துப்போகவில்லை, கோகிலா, கை தவறிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல மனசோடுதான் கேட்டிருக்கிறீர்கள். கை தவறவில்லை சார். உட்கார்ந்து ஒழுங்காக எழுதிவிடுகிறேன். மேலிடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தால் அப்படியே அனுப்பிக்கொள்ளலாம்.

மேலிடத்தில் இருப்பவர்களுக்கு என் வேலை என்னவென்று தெரியாமல் இருக்கலாம். செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மருந்துக்கடை மாடியில் ஓர் அறை. ஃபுட்பால் லீக் ஆட்டம் முடிந்த மறுநாள் வீடியோ வரும். ஓர் அணி முழுக்க என் பொறுப்பு. பந்தை யார் தொட்டாலும் படத்தை நிறுத்தி, தொட்டது யார், எங்கே நின்று தொட்டான், பந்து கூட்டாளியிடம் போய்ச் சேர்ந்ததா, பறிபோனதா என்று பட்டனை அழுத்தி டேக் செய்ய வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு ஆயிரம் தடவைக்குப் பக்கமாக வரும். இருபத்திரண்டு வயதுக்குக் கீழே இருக்கும் ஆட்டக்காரர்கள் லீக்கில் எப்படி ஆடுகிறார்கள் என்று வாராவாரம் கிளப்புகளுக்குப் போகும் ரிப்போர்ட் இதிலிருந்துதான் தயாராகிறது. அந்தப் பையன்களின் பிழைப்பே இந்த ரிப்போர்ட்டில்தான் இருக்கிறது என்று பயிற்சியின்போது நீங்கள்தான் சொன்னீர்கள். நான் அதை மறக்கவில்லை.

நான்கு வருடமாக இந்த வேலைதான். கழுத்து போய்விட்டது. கண்ணை மூடினாலும் பச்சை நிறத்தில் ஆட்கள் ஓடுகிறார்கள். அலுப்பாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளக்கூட அலுப்பாக இருக்கிறது.

எட்டாம் எண்காரன் பூபதி என் கூடப்பிறந்த தம்பி. இதை முதலிலேயே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவன் சேர்ந்த கிளப்பின் ஆட்டங்கள் என் பங்குக்கு வந்தபோது உண்மையில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. போனில் முகம் காட்ட நேரமில்லாத பையனை வாரம் ஒருமுறை தொண்ணூறு நிமிடம் பார்க்கலாம் அல்லவா.

எங்கள் ஊர், மலை ஊர்கள் சில சேர்ந்த குண்டனி நாட்டில், செம்மேட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அப்பா இறக்கும்போது எனக்குப் பதினாறு வயது, பூபதிக்கு ஒன்பது. நான் அப்போது சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி, மாநிலப் பெண்கள் அணிக்கான முகாமில் ஆடிக்கொண்டிருந்தேன். நடுக்களம், எட்டாம் எண். அது இந்த விஷயத்துக்குத் தேவையில்லை. ஊட்டுக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள், வந்துவிட்டேன். திரும்பிப் போகவில்லை. சாமை அறுத்த காட்டில் சாயங்காலம் பூபதியோடு பந்து உதைத்ததுதான் அதற்குப் பிறகு நான் ஆடிய ஆட்டம்.

போன நவம்பரில் அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று நாமக்கல்லில் சொன்னார்கள். முகம் வீங்கி, கால் வீங்கி, கட்டிலை விட்டு எழ முடியாமல் ஆகிவிட்டாள். கண்ணாயி என்றால் எங்கள் ஊரில் தெரியாதவர் கிடையாது. தலையில் மிளகு மூட்டையோடு அத்தனை மேட்டையும் மூச்சு வாங்காமல் ஏறியவள். அவளைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்துவிட்டு, கஞ்சி கொடுத்துவிட்டு எட்டு மணி பஸ்ஸைப் பிடிப்பேன். பக்கத்து ஊட்டுப் பொன்னம்மாள் அக்கா மதியம் வரை பார்த்துக்கொள்ளும். தினமும் காலையில் அம்மா கேட்பது ஒன்றே ஒன்று, பூபதி போன் பண்ணினானா.

அவனை வரச்சொல்லிவிடட்டுமா என்று நானும் கேட்டேன். ஒரு தடவை அல்ல, பல தடவை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அவங்கிட்ட ஒண்ணும் சொல்லாத கண்ணு. அவன் ஆடட்டும். நீயுந்தான் ஆடாம வந்துட்ட."

அம்மா பேச்சை நான் மீறவில்லை, சார். இதை மேலிடத்துக்கு நீங்கள் அழுத்திச் சொல்ல வேண்டும். அவனிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் பெற்ற மகனைப் பார்க்காமல் கிடக்கிறாளே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. சொல்லக் கூடாது, ஆனால் அவன் வரவும் வேண்டும். ஆட்டம் இல்லையென்றால் வந்துவிடுவான். இவ்வளவுதான் நான் யோசித்தது. நிதானமாகத்தான் யோசித்தேன்.

நாங்கள் அனுப்புவதில் கோல், கோலுக்கு அடித்த பந்து, கார்டு, இவற்றைத்தான் நீங்கள் திரும்பப் பார்ப்பீர்கள். நடுக்களத்தில் பத்தடி தூரத்துக்குத் தள்ளிய பந்தை யாரும் பார்ப்பதில்லை. முதல் ஆட்டத்தில் பூபதி அறுபது பந்து கொடுத்தான். அதில் போய்ச் சேர்ந்த ஆறு பந்துகளைப் பறிபோனது என்று போட்டேன். ஆறுதான். எல்லாவற்றையும் கெடுக்க வேண்டும் என்று எனக்கு எண்ணமில்லை. எந்த ஆட்டத்திலும் ஒன்பதைத் தாண்டியதில்லை, நீங்களே பார்த்திருப்பீர்கள். மற்றபடி அவன் நன்றாக ஆடியதை நன்றாக ஆடியதாகவேதான் போட்டேன்.

நான் மாற்றியவற்றில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இடம் என்று எழுதியிருக்கிறீர்கள். இடது காலால் பந்தை இழுத்து, உடம்பை ஒரு பக்கம் காட்டிவிட்டு மறுபக்கம் திரும்புவானே, அந்த இடம். வர்ணனைக்காரர்கூட ஒருமுறை, இந்தப் பையனுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று வியந்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சாமைக்காட்டில் நான் செய்ததைப் பார்த்து அவனாகப் பிடித்துக்கொண்டது. அந்த இடமாகப் பார்த்து நான் கை வைக்கவில்லை. அது தற்செயல்.

ஐந்தாவது ரிப்போர்ட்டில் 'எதிராளி நெருங்கினால் பந்தை இழக்கிறார்' என்று ஒரு வரி வந்தது. ஏழாவது ஆட்டத்தில் அவனை வெளியே உட்காரவைத்துவிட்டு, கடைசி அரை மணிக்கு மட்டும் இறக்கினார்கள். அன்று போன் பண்ணினான். கோச் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றான். நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது. பதினொன்றாவது ஆட்டத்தில் அவனுக்குக் கிடைத்தது பதினான்கு நிமிடம். அதில் மூன்று போட்டேன்.

ஏப்ரலில் கிளப் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இன்னும் இரண்டு கிளப்புகள் கேட்டிருந்தன, ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்த பிறகு அவையும் பேச்சை விட்டுவிட்டன. ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பூபதி ஊட்டுக்கு வந்து சேர்ந்தான். அம்மாவின் கட்டிலில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து, நான் வைத்த சோற்றைச் சாப்பிட்டான். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அன்றைக்கு எனக்கு வயிறு குளிர்ந்தது.

அவன் குடித்திருந்தால், யாரையாவது திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் அப்படிப்பட்ட பிள்ளை இல்லை. தன் ஆட்டங்களைப் போனில் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒருநாள் என்னோடு செம்மேட்டுக்கு பஸ் ஏறி வந்து மாடி அறையில் உட்கார்ந்துகொண்டான்.

"நீ வாரத்துக்கு அம்பது பேரு ஆடறதப் பாக்கற. எங்கிட்ட எங்க தப்புன்னு நீ சொல்லுக்கா. வேற யாரு சொன்னாலும் நான் நம்பமாட்டேன்" என்றான்.

நான் சொன்னேன், சார். அவனுடைய விவரத்தாளைத் திறந்து, ஒவ்வோர் இடமாக நிறுத்தி, இங்கே அவசரப்பட்டாய், இங்கே தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை என்று காட்டினேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. ஓர் இடத்தில் படத்தைத் திரும்ப ஓட்டச் சொன்னான். ஓட்டினேன். மறுபடியும் ஓட்டச் சொன்னான்.

"இந்தப் பந்து போய்ச் சேந்துருச்சேக்கா."

நான் தாளைக் காட்டினேன். பறிபோனது என்று அதில் இருந்தது. அவன் தாளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எனக்குச் சேந்த மாதிரித்தான் தெரியுது. அப்ப எங் கண்ணே சரியில்லையாட்டம் இருக்குது."

"சேரல சாமி" என்றேன்.

சரி என்று தலையாட்டினான். அதற்குப் பிறகு அவன் போனில் ஆட்டம் பார்க்கவில்லை. மறுவாரம் பூட்ஸை எடுத்துப் போட்டுக்கொண்டு காட்டுக்குக் கிளம்பினான். அடியில் குமிழ் இருப்பதால் மிளகுக்கொடி கட்டும்போது சரிவில் வழுக்காது என்றான். இப்போது அந்தப் பூட்ஸில் செம்மண் ஏறி, என்ன நிறம் என்றே தெரியவில்லை.

நீங்கள் அனுப்பிய படிவத்தில் பதினொரு ஆட்டங்களின் தேதியையும் என் கையாலேயே எழுத வேண்டும் என்று இருந்தது. எழுதினேன். டிசம்பர் ஒன்பது, டிசம்பர் பதினேழு, டிசம்பர் இருபத்தெட்டு, ஜனவரி பத்து. அங்கே பேனா நின்றுவிட்டது.

ஜனவரி பதினாறு, மாட்டுப் பொங்கலன்று அம்மா இறந்துபோனாள். அன்றுதான் பூபதிக்கு விஷயம் தெரியும். வந்தான், மண் போட்டான், என் மடியில் தலை வைத்து அழுதான். ஏன் முன்பே சொல்லவில்லை என்று என்னைக் கேட்கவே இல்லை. மூன்றாம் நாள் காலையில், சனிக்கிழமை மேட்ச் இருக்குதுக்கா, போயிட்டு வாரேன் என்று பையை எடுத்தான். நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன். பஸ் வளைவில் மறையும்வரை நின்றேன். பிறகு அம்மா இல்லாத ஊட்டுக்கு நான் மட்டும் திரும்பி நடந்தேன். ஐந்தாவது ஆட்டம் அந்தச் சனிக்கிழமை ஆட்டம்தான். அதில் ஒன்பது.

ஆக, பதினொன்றில் ஏழு ஆட்டங்கள் அம்மா போன பிறகு. அம்மா அவனைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் என்று மேலே எழுதியிருக்கிறேன். அடித்துவிட்டுத் திருத்தி எழுதலாமா என்று பார்த்தேன். இத்தனை பக்கத்தையும் திரும்ப எழுத உடம்பில் தெம்பில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் கடிதம் ஜூலை பன்னிரண்டிலேயே எனக்கு வந்துவிட்டது. வந்த அன்றே படித்தேன். நான் ஒப்புக்கொண்டு எழுதினால் திருத்திய ரிப்போர்ட்டை உடனே அனுப்பிவிடலாம், பூபதியை எடுத்துக்கொள்ள ஒரு கிளப் தயாராக இருக்கிறது, ஆட்டக்காரர்களைப் பதிவு செய்யும் கெடு ஆகஸ்ட் முப்பத்தொன்றோடு முடிகிறது என்று விவரமாக எழுதியிருந்தீர்கள். நீங்கள் இரண்டு முறை போன் பண்ணியதும் தெரியும். நெட் இல்லாமல் போனது மொத்தமே ஐந்து நாள். இன்று செப்டம்பர் இரண்டு.

எல்லாவற்றையும் செய்தது நான்தான். அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவன் ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது, என்னுடையதைவிட நன்றாக இருந்தது. இப்போது காட்டில் களை எடுத்துக்கொண்டிருக்கிறான். சாயங்காலம் ஊட்டுக்கு வந்துவிடுவான், நாளைக்கும் வருவான். படிவத்தின் கடைசியில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை மட்டும் நிரப்பாமல் விட்டிருக்கிறேன். அம்மாவின் ஆசை என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.