ஐந்தடிப் பாதையில் ரோஜாக் கள்ளி

ரோஜாக் கள்ளிக்குத் தண்ணீர் அதிகம் ஆகாது. வாரத்துக்கு இரண்டு குடம் போதும். கள்ளி என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். புதர் முழுக்கப் பச்சை இலை, நுனியில் கொத்துக் கொத்தாக ரோஸ் நிறப் பூ. இலையை விலக்கிப் பார்த்தால்தான் விரல் நீள முள் தெரியும்.

எண்பத்தெட்டில் பள்ளிக்கரணையில் ஒருவரிடம் ஆறு கிளை வாங்கி, கீழ்க்கட்டளையில் என் வீட்டின் பக்கவாட்டில் நட்டேன். என் சுவருக்கும் அடுத்த வீட்டுச் சுவருக்கும் நடுவே ஐந்தடிப் பாதை. பின்னால் குடியிருந்த கொத்தனார் சவுரிமுத்துவும் அவர் மனைவி தபீதாளும் தெருவுக்கு வர அதுதான் வழி. ஏரிக்கரையைச் சுற்றியும் வரலாம், அரை மணி ஆகும். அந்தப் பாதை எனக்கு வேண்டியிருந்தது. மகனுக்கு ஒரு போர்ஷன் கட்ட இடம் போதவில்லை. சுவர் எழுப்பினால் சண்டைக்கு வருவார்கள். பூச்செடி வைத்தால் யார் வருவார்கள்?

வரவில்லை. "இன்னாமா பூத்துக்கீது சார்" என்று நின்று பார்த்துவிட்டுப் போவாள் தபீதாள். மகள் பிரசவத்துக்காக நான் திருச்சியில் இரண்டு மாதம் இருந்தபோது அவள்தான் தண்ணீர் ஊற்றினாள். நான் என் சுவர்ப் பக்கக் கிளைகளை மட்டும் கத்திரியால் நறுக்குவேன். ஒரு பக்கம் வெட்டினால் மறுபக்கம் வேகமாகப் படரும். மூன்று வருடத்தில் அவர்கள் உடம்பை ஒருக்களித்துப் போகும்படி ஆகிவிட்டது. "சார் ஆசையா வளக்குறாரு, முள்ளு பட்டாத்தான் இன்னா" என்று சவுரிமுத்து சொன்னது என் காதில் விழுந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. மறுநாளும் என் பக்கத்தை மட்டுமே நறுக்கினேன்.

தொண்ணூற்றொன்றில் ஒரு நாள் காலை சவுரிமுத்துவுக்கு நெஞ்சுவலி. தெருவில் ஆட்டோ நின்றது. கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். மூன்றாவது செடியில் கட்டில் சிக்கிக்கொண்டது. ஒருவர் கையால் தள்ளிப் பார்த்தார், முழங்கை வரை கிழித்துவிட்டது.

"சார், அவருக்கு மூச்சு வாங்குது சார். நாலு கெளைய வெட்டிக் குடு சார்" என்றாள் தபீதாள்.

கத்திரியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, பார்க்கிறேன் என்றேன்.

உள்ளே போய் அலமாரியைத் திறந்து மூடினேன். வெளியே கேட்க வேண்டும் என்று இரண்டு தடவை. பிறகு சமையலறையில் நின்று ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். நான் தேடுகிறேன் என்று நம்பி அவர்கள் காத்து நின்றார்கள். வெறுங்கையோடு நான் வெளியே வந்தபோது கட்டில் ஏரிக்கரைப் பக்கம் திரும்பிவிட்டது. பாதிக் கரையிலேயே அவர் உயிர் போய்விட்டது.

யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. துக்கத்துக்குப் போனேன், எனக்கு நாற்காலி போட்டார்கள்.

எட்டாம் நாள் தபீதாள் வந்தாள். கல்லறையில் நட ஒரு கிளை வேண்டுமாம், அவருக்கு அந்தப் பூ பிடிக்குமாம். கை பழக்கத்தில் இடுப்புக்குப் போனது. வேட்டி மடிப்பிலிருந்து கத்திரியை எடுத்து, நல்ல கிளையாகப் பார்த்து வெட்டினேன்.

அவள் கத்திரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கெடச்சிச்சா சார்?"

கிடைத்தது என்றேன்.

அது தொலையவே இல்லை. அன்று காலையும் இதே மடிப்பில்தான், மேல்துண்டுக்கு அடியில் இருந்தது. அலமாரியைத் திறந்து மூடியபோது அதன் பிடி என் வயிற்றில் அழுத்திக்கொண்டிருந்தது.

அவள் கிளையை வாங்கிக்கொண்டாள். உடனே நட்டால் அழுகிவிடும், வெட்டிய முனையை மூன்று நாள் நிழலில் காயவைத்து நட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அவள் பாதையில் ஒருக்களித்து நடந்து போனாள். நம்மால் முடிந்த ஒரு உதவி என்றுதான் அப்போது நினைத்தேன்.